பழுத்த கை

சுந்தரம்மாள் பிறந்தது 1926ஆம் ஆண்டு, சின்னாளப்பட்டியில், தறி வைத்துப் பிழைத்த ஒரு குடும்பத்தில். தந்தை பெயர் முத்துச்சாமி. பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரை. அதன் பிறகு கல்யாணம் ஆகும்வரை சுங்கடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டாள். 1943இல் திண்டுக்கல் பேகம்பூரில் குடியிருந்த சுருளிவேலுக்கு வாழ்க்கைப்பட்டாள். சுருளிவேல் வீட்டிலேயே சாணை வைத்துக் கல்லுக்குப் பட்டை தீட்டுபவர். அவருடைய தகப்பனாரும் சின்னாளப்பட்டிக்காரர்தான். நூல் கிடைக்காத ஒரு காலத்தில் தறியை விட்டுவிட்டுத் திருச்சிக்குப் போய்க் கல் வேலை கற்றுத் திண்டுக்கல்லில் வந்து அமர்ந்தவர். சுந்தரம்மாள் பெற்ற பிள்ளைகள் மூவர். முதல் இரண்டும் ஆண்; இரண்டும் ஓராண்டு நிறையும் முன்பே தவறிவிட்டன. மூன்றாவதாக மகள் வேலுமணி, 1948 ஆனி மாதம் பிறந்தாள்.

பாக்கியம் செய்தவள் என்றும் செய்யாதவள் என்றும் கல்நெஞ்சுக்காரி என்றும் சுந்தரம்மாளைப் பற்றிப் பின்னாளில் உறவுக்குள் பலவிதமாகப் பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு முன்னால் அவள் செய்த வேலை இன்னது என்று சொல்லிவிட வேண்டும்.

முன்னறையில், தெருப் பக்கத்துச் சன்னலுக்கு அடியில், இரண்டு கட்டைகளுக்கு நடுவே சாணை நின்றது. குருந்தக்கல் பொடியையும் அரக்கையும் காய்ச்சி வார்த்த கனத்த வட்டம் அது. அதன் அச்சில் ஒரு வில்லின் தோல்வாரைச் சுற்றி, வலக்கையால் முன்னும் பின்னும் இழுத்தால் வட்டம் சுழலும். இடக்கையில் ஒரு சாண் மூங்கில் குச்சி. குச்சியின் நுனியில் அரக்கை விளக்குச் சுடரில் இளக்கி, அது இறுகுவதற்குள் கல்லைப் பதித்து, விரலால் அமுக்கி நேராக்கிச் சாணையில் பிடிக்க வேண்டும். ஒரு முகம் தேய்ந்ததும் குச்சியைத் திருப்பி அடுத்த முகம். எல்லா முகமும் வந்த பிறகு சாணையைக் கழற்றிவிட்டுச் செம்புத் தட்டை மாட்டி, மாவு போன்ற பொடியைக் குழைத்துத் தடவி மெருகேற்ற வேண்டும். காங்கேயத்துப் பக்கமிருந்து வரும் ஊதா நிறச் செவ்வந்திக்கல், மூக்குத்திக்கும் கம்மலுக்கும் போகும் சிவப்புக்கல் எல்லாம் இப்படித்தான் உருவெடுத்தன.

தேய்க்கத் தேய்க்கக் கல் சூடேறும். சூடேறிய கல்லைத் தண்ணீரில் விட்டால் உள்ளே கீற்று விழும். விடாமல் மேலும் தேய்த்தால் அரக்கு இளகிக் கல் நகர்ந்து முகம் கோணும். எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதை விரல் சொல்ல வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கல்லை ஒட்டியே வைத்துக் குச்சியைப் பிடிப்பது அதற்காகத்தான்.

சாணையில் புதிதாக உட்காருகிறவரின் விரல் கொப்புளிக்கும். கொப்புளம் உடைந்து, தோல் தடித்து, அரக்குச் சூட்டுக்கு வெடுக்கென்று கையை இழுக்காத நாள் ஒன்று வரும். அன்றைக்குக் ‘கை பழுத்தாச்சு’ என்பார்கள். பழுத்த கைக்கு அந்த வீட்டில் ஒரு மரியாதை உண்டு. ஆயுத பூசையன்று சாணைக்கும் வில்லுக்கும் சந்தனப் பொட்டு வைக்கும் உரிமை அது. மாமனார் இருந்தவரை அவர் வைத்தார். பிறகு சுருளிவேல் வைத்தார்.

சுந்தரம்மாளின் கை மட்டும் பழுக்கவில்லை. முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள் அவளுடையவை. கடுகளவு துணியை நகக்கண்ணில் கிள்ளி நூல் சுற்றுகிறவளுக்கு விரல் நுனியில்தான் கண். பன்னிரண்டு ஆண்டு சாணையில் உட்கார்ந்தும் அரக்கைத் தொடும்போதெல்லாம் ஸ் என்று வாய்க்குள் காற்றை இழுப்பாள்.

“ஏ புள்ள, அரக்கா, பாம்பா? அது என்னா சத்தம்?” என்பார் சுருளிவேல்.

“உங்களுக்கென்ன, எருமைத் தோலு. எனக்குச் சுடுதுல்ல.”

“முடிச்சுக் கைக்குச் சாணை ஒத்துக்கிறாது. எங்கப்பா அப்பவே சொன்னாரு.”

“உங்கப்பா சொன்னாரு, பெறகு எதுக்கு என்னயக் கேட்டு வந்தாகளாம்?”

1955ஆம் ஆண்டு ஆயுத பூசைக்கு முதல் நாள். அவசரமாகக் கேட்ட கம்மல் கற்களை அவள் குச்சியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். சுடரில் இளகி நூலாய்த் தொங்கிய அரக்கை இடக்கைக் கட்டைவிரலால் வழித்து, கல்லைச் சுற்றி நிதானமாக அணைத்தாள். எதிரே பொடி சலித்துக்கொண்டிருந்த சுருளிவேல் சல்லடையைக் கீழே வைத்தார்.

“சுடலையா?”

சுந்தரம்மாள் தன் விரலைப் பார்த்தாள். “இல்லையே” என்றாள். அவளுக்கே அது வியப்பாக இருந்தது.

“இன்னொருக்கா செய்யி, பாப்போம்.”

செய்து காட்டினாள். அவர் சிரித்தார். மறுநாள் சந்தனக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, “நீயே வையி. கை பழுத்துப் போச்சுல்ல” என்றார். பெட்டியிலிருந்த கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு சுந்தரம்மாள் சாணைக்கும் வில்லுக்கும் பொட்டு வைத்தாள். வேலுமணி பொரிகடலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுருளிவேல் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். அந்த வீட்டில் ஒரு பெண் பொட்டு வைத்தது அதுதான் முதல் முறை.

இடது முழங்கைக்குக் கீழே சுந்தரம்மாளுக்கு ஒரு தேமல் இருந்தது. சற்று வெளுத்து, ஒரு ரூபாய் அகலத்துக்கு. குப்பைமேனியையும் உப்பையும் அரைத்துத் தடவினாள். போகவில்லை. அரிக்கவும் இல்லை. அரிக்காத தேமலுக்காக யாரும் கவலைப்படுவதில்லை.

அடுத்த ஆண்டு கற்கள் கெட ஆரம்பித்தன. வட்டமாக வர வேண்டியது ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. மெருகு ஏறியபின் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெள்ளை இழையாகக் கீற்று ஓடியது. கல் கொண்டுவந்து கொடுத்துக் கூலிக்குத் தீட்டி வாங்கிப்போகிறவர் கிதர் முகம்மது. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். ஒரு நாள் அவர் பொட்டலத்தைப் பிரித்துச் சன்னல் ஓரம் ஒவ்வொன்றாக உயர்த்திப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, கல்லைத் தீட்டச் சொன்னா வறுத்துக் குடுத்துருக்கீங்க?”

“நா ஒண்ணும் பண்ணலண்ணே. எப்பவும் போலத்தான்.”

“எப்பவும் போலன்னா எப்பவும் கீறியிருக்கணும்ல. உள்ள பாருங்க, ரோடு ஓடுது. மதுரைக்கு பஸ் விடலாம்.”

சுருளிவேல் குறுக்கிட்டார். “கல்லு சரியில்ல பாய். காங்கேயத்துல மேல்மண்ணுக் கல்ல அள்ளிக் குடுத்துட்டான்.”

“அதே மண்ணுக் கல்லுதான் நீ தீட்டுனதும். உன்னோடது சுத்தமா இருக்கே, சுருளி?”

கிதர் முகம்மது கெட்ட கற்களைத் தனியாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து சுந்தரம்மாள் இன்னும் கவனமாக வேலை செய்தாள். கவனம் என்று அவள் நினைத்தது கையை மேலும் நம்புவதை. விரல் சொல்லும் என்று காத்திருந்தாள். விரல் ஒன்றும் சொல்லவில்லை. கல் சூடாகவில்லை போலும் என்று தொடர்ந்து தேய்த்தாள். பழுத்த கை நெருப்புக்கு அஞ்சாது, ஆனால் நெருப்பை அறியும் என்பதை அந்த வீட்டில் யாரும் பிரித்துச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை.

1957 பங்குனியில் ஒரு காலை, அரக்கு விளக்கின் முன் இருந்தபோது கருகல் வாடை அடித்தது. பால் பொங்கி அடுப்பில் வழிகிறது என்று எண்ணி, அவள் தலையைத் திருப்பி உள்ளே பார்த்தாள். பால் பானை அடுப்பிலேயே இல்லை. மறுபடி இந்தப் பக்கம் திரும்புமுன் வேலுமணி ஓடி வந்து தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, உன் வெரலு.”

இடக்கையின் ஆள்காட்டி விரல் சுடருக்குள் இருந்திருக்கிறது. நகத்தை ஒட்டித் தோல் கறுத்துச் சுருண்டிருந்தது. சுந்தரம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போலிருந்தது. வலித்திருந்தால் அழுதிருப்பாள். மகள்தான் அழுதாள்.

“ஒண்ணுமில்லடி. கை பழுத்துருக்கு, அம்புட்டுத்தான்” என்று அவளைத் தேற்றினாள்.

அந்த மாதமே வீடு வீடாகப் பார்த்துவரும் ஆட்கள் பேகம்பூர்ப் பக்கம் வந்தார்கள். தொழுநோய் யாருக்கேனும் இருக்கிறதா என்று தோலைப் பார்க்கும் பணி அது. அவர்களில் ஒருவர் பவுல்ராஜ். வெள்ளைக் கால்சட்டையும் சைக்கிளுமாக வருவார். குரலை உயர்த்தாமல் பேசுவார். சுருளிவேல் வாசலிலேயே நின்று, “இங்க எல்லாரும் சொகந்தான் சார்” என்றார். பவுல்ராஜின் பார்வை அவரைத் தாண்டிச் சாணை முன் இருந்த சுந்தரம்மாளின் விரலில் சுற்றிய துணிக்குப் போயிற்று. குடிக்கத் தண்ணீர் கேட்டுச் சற்று நேரம் உட்கார்ந்தார். பிறகு கையைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

முழங்கைத் தேமலைப் பார்த்தார். முழங்கை எலும்புக்குப் பின்னால் நரம்பை விரலால் உருட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு கோழி இறகை எடுத்தார்.

“கண்ண மூடிக்கிருங்கம்மா. நான் தொட்ட எடத்த, தொட்டதும் காட்டணும்.”

சுந்தரம்மாள் கண்ணை மூடினாள். கழுத்தில் இறகு பட்டது, காட்டினாள். வலக்கைப் புறங்கையில் பட்டது, காட்டினாள். இடது தோளில் பட்டது, காட்டினாள். அதன் பிறகு ஒன்றும் இல்லை. காத்திருந்தாள். தெருவில் புளிக்காரன் கூவிக்கொண்டு போனான். தோல் பதனிடும் ஷாப்பின் வாடை காற்றோடு வந்தது. இன்னும் ஒன்றும் இல்லை.

“ஏன் சார், தொடலியா?” என்று கேட்டாள்.

கண்ணைத் திறந்தாள். இறகு அவளுடைய இடது உள்ளங்கையின் மேல்தான் இருந்தது.

சுருளிவேல் சிரித்தார். “சாணைக்கை சார் அது. இறகு எங்க தெரியும்? கோணி ஊசியால குத்துங்க, அப்பயும் தெரியாது. எங்க தொழில்ல எல்லாருக்கும் இப்படித்தான்.”

“உங்களுக்குமா?”

“நா இவளுக்கு முந்திச் சாணையில உக்காந்தவன். இந்தாங்க, பாருங்க.”

அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடக்கையை நீட்டிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சிரிப்பு உதட்டில் இருந்தது. காய்த்துக் காய்த்துக் கொம்பு போல் கடினப்பட்ட விரல்கள்.

“கட்டைவெரலு” என்றார். “இது... ஆள்காட்டி. இது சுண்டுவெரல் ஓரம். இப்ப உள்ளங்கை. கூசுது சார்.”

அடுத்த தொடுதலுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணை மூடியபடியே கையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பவுல்ராஜ் சொன்னவை இவை. இது தொழுநோயில் ஒரு வகை. பிறருக்கு எளிதில் தொற்றும் வகை இல்லை. மதுரை ரோட்டில் புளியமரத்தடியில் புதன்கிழமைதோறும் மாத்திரை கொடுக்கிறார்கள். தவறாமல் வாங்கிச் சாப்பிட வேண்டும். மேலே போகாமல் நிற்கும். போன உணர்ச்சி திரும்பாது. வீட்டிலேயே இருக்கலாம்; வேலையும் செய்யலாம். வேலுமணியையும் கூப்பிட்டுப் பார்த்தார். அவளுக்கு ஒன்றும் இல்லை.

“எம்புட்டு நாளைக்கு மாத்திரை?” என்று சுந்தரம்மாள் கேட்டாள்.

“வருஷக் கணக்கு ஆகும்மா. நாங்க நிறுத்தச் சொல்ற அன்னைக்கு நிறுத்தலாம்.”

“பெருசா ஒண்ணும் செய்ய வேண்டாம்மா, ஒண்ணே ஒண்ணு. இனிமே கைய நம்பாதீங்க. கண்ண நம்புங்க” என்று வாசலில் சைக்கிளை எடுக்கும்போது பவுல்ராஜ் சொன்னார்.

சுருளிவேல் அவளைத் திட்டவில்லை, விலக்கவும் இல்லை. இதைக் குறித்தாக வேண்டும். மூன்று நாள் பேசாமல் சாணை இழுத்தார். நான்காம் நாள் அவளுக்கென்று ஒரு தட்டும் லோட்டாவும் வாங்கி வந்து அடுப்படியில் தனியாக வைத்தார். இரண்டு மாதம் கழித்து, பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில், வேலுமணியின் துணிகளை ஒரு பையில் எடுத்து வைக்கச் சொன்னார்.

“அக்கா வீட்டுல இருந்து படிக்கட்டும்.”

அக்காள் சொர்ணலட்சுமி, சின்னாளப்பட்டியில் தறிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். ஒரே மகன், சோலைமுத்து.

“அந்த சார் தொத்தாதுன்னு சொன்னாருல்லங்க.”

“அவரு சொன்னாரு. ஊரு சொல்லுமா? பொம்பளப் புள்ள. நாளைக்கு யாரு வந்து கேப்பா? ஆத்தாளுக்கு இன்னதுன்னு ஒரு வாய்க்குத் தெரிஞ்சாப் போதும்.”

“நா போயிப் பாத்துக்கிறலாமா?”

“அக்கா வேணாங்குது. மாத்திரை நிறுத்துற வரைக்கும்.” அவர் சாணைக் கட்டை மேல் உள்ளங்கையை வைத்தார். அந்த வீட்டில் சத்தியம் அப்படித்தான். “நிறுத்துன அன்னைக்கு நானே போயி வேலுமணியக் கூட்டியாறேன்.”

சுந்தரம்மாள் பையில் துணிகளை மடித்து வைத்தாள். பாவாடையின் மடிப்பு விரலில் தெரியவில்லை. பார்த்துப் பார்த்து மடித்தாள். வேலுமணிக்கு அப்போது ஒன்பது வயது முடிந்திருந்தது. தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

அதற்குப் பிந்திய ஆண்டுகளில் சொல்ல அதிகம் இல்லை. புதன்கிழமைதோறும் அக்கம்பக்கத்தில் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரை ரோட்டுக்கு நடந்தாள். புளியமரத்தடியில் வரிசை நிற்கும். வெள்ளை மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு, சந்தைக்குப் போனது பொய்யாகக் கூடாது என்று வழியில் நாலு கத்தரிக்காய் வாங்கித் திரும்புவாள். நோய் பற்றி அழுததாக யாருக்கும் நினைவில்லை. கல்நெஞ்சுக்காரி என்ற பேச்சு அப்போது வந்ததுதான்: மகளை அனுப்பிவிட்டுக் கல்லைத் தேய்த்துக்கொண்டு இருக்கிறாளே என்று.

ஒரு புதன்கிழமை அவள் வரிசையில் நின்றிருந்தபோது சின்னாளப்பட்டி பஸ், கறவை மாடுகள் ரோட்டை மறித்ததால், மரத்துக்கு நேரே நின்றது. சன்னல் ஓரத்தில் சொர்ணலட்சுமி. அவர் பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட பெண். அந்த முகத்தைச் சுந்தரம்மாள் மூன்று ஆண்டாகப் பார்க்கவில்லை. பெண் வெளியே எட்டிப் பார்த்தாள். சுந்தரம்மாள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, மரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அந்த வரிசையில் நிற்பவளை அம்மா என்று பஸ்ஸுக்குள் அவள் கூப்பிட்டுவிடக் கூடாது. பஸ் புறப்பட்ட சத்தம் கேட்டது. அதன் பிறகும் சற்று நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்னால் நின்ற கன்னிவாடிக் கிழவர், “தாயி, நகரு. ஒம் முறை” என்றார். நகர்ந்தாள்.

சாணை வேலையை அவள் விடவில்லை. வில் பிடித்தே காய்த்த வலக்கை விரலுக்குக் கல்லின் சூடு பிடிபடவில்லை. கையை நம்பாமல் சூட்டை அறிய முதலில் உதட்டைப் பயன்படுத்தினாள். தேய்த்த கல்லைச் சட்டென்று கீழுதட்டில் ஒற்றினால் சூடு துல்லியமாகத் தெரிந்தது. உதட்டை நோய் தொடவில்லை. சுருளிவேல் இரண்டு நாள் பார்த்தார்.

“அத மட்டும் செய்யாத.”

“வேற எப்படிங்க தெரியும்?”

“நீ வாய் வச்ச கல்ல நாளைக்கு ஒருத்தி மூக்குல போடுவா. தெரியாமப் போடுவா. நமக்குத் தெரியுமுல்ல.”

சுந்தரம்மாள் அன்றோடு நிறுத்தினாள். பிறகு குச்சியின் கழுத்தில் தேன்மெழுகை ஒரு மிளகளவு ஒட்டிக்கொண்டு தேய்த்தாள். மெழுகு இளகி மினுங்கினால் கல்லை எடுத்துவிடுவது. மங்கினால் மறுபடி வைப்பது. வேலை பாதி வேகத்தில் நடந்தது. ஆனால் கீற்று விழவில்லை. கிதர் முகம்மது கற்களைச் சன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ரோட்ட மூடிட்டீங்க போல” என்றார். குச்சிக் கழுத்தில் இருந்த மெழுகையும் தனியாக இருந்த லோட்டாவையும் அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எப்போதும்போலக் கல் கொண்டுவந்தார். எப்போதும்போல அவள் கையாலேயே பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

ஆயுத பூசைப் பொட்டை மறுபடியும் சுருளிவேல்தான் வைத்தார்.

ஆண்டுக்கொரு முறை பவுல்ராஜ் இறகை எடுப்பார். நரம்பை உருட்டுவார். “இன்னும் கொஞ்ச நாள்” என்பார். முதல் ஆண்டுகளில் அந்தச் சொல்லைக் கேட்ட இரவு அவளுக்குச் சோறு இறங்காது. பின்னர் அதுவும் பழகிவிட்டது. 1964 கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, மழை விட்ட ஈர மரத்தடியில், அவர் இறகைப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அதற்குள் அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது.

“போதும்மா. நிறுத்திரலாம்.”

“எத சார்?”

“மாத்திரைய. இனி வர வேண்டாம்.”

சுந்தரம்மாள் தலையாட்டினாள். வழக்கம்போல் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கணவரிடம் சொன்னாள். சுருளிவேல் வில்லைச் சுவரில் மாட்டிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மதிய பஸ்ஸுக்கே கிளம்பினார். சத்தியத்தை அவர் மறக்கவில்லை.

ஆனால் அன்று தனியாகத்தான் திரும்பினார்; தானே அழைத்து வருவதாக அக்காள் சொல்லிவிட்டாராம். மார்கழி பிறப்பதற்கு முந்தின நாள் சொர்ணலட்சுமியே வேலுமணியை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு இருந்தது.

“சுந்தரம், சுத்தி வளச்சுப் பேச எனக்குத் தெரியாது. எம் மகனுக்கு இவளக் கேட்டு வந்துருக்கேன். ஏழு வருசமா நா ஊட்டி வளத்த புள்ள. இன்னொரு வீட்டுக்கு அனுப்ப மனசு வல்ல.”

“புள்ளைக்குச் சம்மதமா, மதினி?”

“அவளையே கேளு.”

வேலுமணி வாசல்படியருகில் நின்றிருந்தாள். பதினாறு வயது. உயரத்தில் தாயைத் தாண்டியிருந்தாள். முன்னறையைப் புதிய இடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அத்தை வீடுதான் எனக்குப் பழக்கம்மா” என்றாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

சொர்ணலட்சுமி எதையும் பறித்துக்கொள்ள வந்தவர் அல்லர். ஊர் வாய்க்கு அஞ்சாமல், சீர் எதுவும் பேசாமல், அந்தத் தாயின் மகளைக் கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். சுந்தரம்மாளுக்கு அது தெரிந்திருந்தது. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கனமாக இருக்கிறதா, லேசாக இருக்கிறதா என்று இடக்கைக்குத் தெரியவில்லை.

“தையில வச்சுக்கிருவோம். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும். பொறந்த வீட்டுலருந்து கெளம்புனாத்தானே முறை” என்றார் சொர்ணலட்சுமி.

மார்கழி முழுவதும் வேலுமணி அந்த வீட்டில் இருந்தாள். விடியலில் கோலம் போட்டாள். பகலில் சன்னலடியில் சாணைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, அத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்த சேலைக்குச் சுங்கடி முடிச்சுப் போட்டாள். தாயும் மகளும் ஒரே வெளிச்சத்தில் வேலை செய்தார்கள். பேச்சு அதிகம் இல்லை. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கத் தாய் எழுந்தால், வேலுமணி முந்திக்கொண்டு போய் இறக்கிவைத்தாள். ஒருமுறை சுந்தரம்மாள் சேலையின் ஓரத்தை வாங்கி ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். நூல் சுற்றியது, துணி உள்ளே இல்லை.

“விழலம்மா” என்றாள் வேலுமணி.

“ஆமா” என்று சேலையைத் திருப்பிக் கொடுத்தாள்.

கல்யாணத்துக்கு மூக்குத்திக்கல் தீட்ட வேண்டியிருந்தது. கிதர் முகம்மது தம் பையிலிருந்து ஒரு சிவப்புக்கல்லை எடுத்து, “இது எங்க வீட்டு முறை. மாமன் சீருன்னு வச்சுக்கிருங்க” என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். உளுந்தளவுக் கல். அத்தனை சிறிய கல்லைத் தீட்டக் குச்சியின் முனையைச் சீவ வேண்டும். சீவிய முனையில் மெழுகு ஒட்டிவைக்க இடமில்லை. சுருளிவேல் தான் தீட்டுவதாகச் சொன்னார். சுந்தரம்மாள் குச்சியைக் கொடுக்கவில்லை.

வில்லை இழுத்தாள். ஒரு முகம் வந்தது. கல்லைச் சாணையிலிருந்து எடுத்தாள். சூடு ஏறியிருக்குமா என்று தெரியவில்லை. பழைய பழக்கத்தில் கை கல்லை உதட்டருகே கொண்டுபோயிற்று. பாதியில் நின்றது. சுருளிவேல் பார்த்துக்கொண்டிருந்தார். வேலுமணியும் முடிச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கும்மா நிறுத்திட்ட?”

“சூடு பாக்கணும். உதட்டுல வச்சாத்தான் தெரியும்.”

“வச்சுப் பாக்க வேண்டியதுதானே.”

“ஒம் மூக்குல போடுற கல்லுடி.”

வேலுமணி குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “பாரும்மா. கீறிக்கிறப் போகுது.”

சுருளிவேல் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல் உள்ளே போனார். சுந்தரம்மாள் கல்லை உதட்டில் ஒற்றினாள். சுட்டது. ஆறவிட்டு, தண்ணீரில் நனைத்து, அடுத்த முகத்துக்குத் திருப்பினாள். ஒவ்வொரு முகத்துக்கும் அப்படியே செய்தாள். கீற்று விழவில்லை.

தை மாதம் சின்னாளப்பட்டியில் கல்யாணம் நடந்தது. வேலுமணி அந்த மூக்குத்தியைப் போட்டிருந்தாள். கல்யாணத்துக்குக் கிளம்பிப் பஸ் ஏறும்போது தாயின் இடக்கையைப் பிடித்திருந்தாள் என்று சுருளிவேல் பின்னர் சொன்னார். சுந்தரம்மாள் அப்போது மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவளுக்குத் தெரியாது.

அதன் பிறகு வேலுமணி நல்ல நாளுக்கும் பெரிய நாளுக்கும் வந்து போனாள். தங்கவில்லை, தங்கும்படி யாரும் சொல்லவும் இல்லை. சுந்தரம்மாள் சாணை இழுத்தபடி இருந்தாள்.

தாயும் மகளும் ஒரே வீட்டில் வாழ்ந்த காலம்: ஒன்பது ஆண்டு, ஒரு மார்கழி.